‘சாவி’யைச் ‘சாமி’ என்றார் பாட்டி

பேச்சு சிகிச்சையாளராக உரிமம் பெற எவ்வளவு பயிற்சி தேவை? அந்தப் பயிற்சியில் தமிழுக்கு இடம் உண்டா?

சென்ற ஆண்டு என் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள், அவருடைய கட்டிலருகே இருவர் வந்தனர். ஒருவர் பேச்சு சிகிச்சையாளர். மற்றவர் அவரிடம் பயிலும் மாணவி. என்னைவிட இரண்டு, மூன்று வயது மூத்தவராக இருப்பார். மாணவிதான் முன்னால் நின்று பேசினார். சிகிச்சையாளர் ஓரடி பின்னால் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

மாணவி தமிழர் அல்லர். ஆனாலும் ‘வாயைத் திறங்க’, ‘விழுங்குங்க’, ‘வலிக்குதா’ போன்ற சொற்களைத் தம் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்திருந்தார். ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்துவிட்டு, பாட்டியை ‘ஆ’ என்று சொல்லச் சொன்னார். தொண்டையில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் குரல் களகளவென்று ஒலித்தது. அன்று காலை என் மாமா வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்திருந்தார். “ரெண்டு வாய் ரசம்தானே, என்ன ஆயிடப்போவுது?” என்பது அவருடைய கேள்வி. மாணவி சிகிச்சையாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்ததும், இப்போதைக்கு ரசம் வேண்டாம் என்று மாமாவிடம் பொறுமையாக விளக்கினார்.

பிறகு படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். நான்தான் மொழிபெயர்ப்பாளர். சாவியின் படத்தைப் பார்த்து பாட்டி “சாமி” என்றார். நான் ஆங்கிலத்தில் ‘சாவி’ என்றே சொன்னேன். சீப்பைப் பார்த்து “தலை வார்றது” என்றார். நான் ‘சீப்பு’ என்றேன். என் பாட்டிக்குத் தெரியாதா என்ன என்ற எண்ணம் எனக்கு. பின்னால் நின்ற சிகிச்சையாளர் அப்போதுதான் முதன்முறையாக இடைமறித்தார். “அவர் சொல்ல நினைத்தது வேண்டாம். அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே சொல்லுங்கள்” என்றார்.

நான் திருத்திச் சொன்னதில்தான் பாட்டியின் நோய் மறைந்துபோயிருந்தது. சாவிக்குச் ‘சாமி’ என்பது, சொல் நினைவுக்கு வந்தும் ஒலி தடம் மாறியதைக் காட்டுகிறது. சீப்புக்குத் ‘தலை வார்றது’ என்பது, பொருள் தெரிந்தும் பெயர் கிடைக்காமல் சுற்றி வளைப்பதைக் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்; பயிற்சியும் வேறுபடலாம். என் மொழிபெயர்ப்பில் இரண்டுமே ‘சரியான விடை’ ஆகியிருந்தன.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த மாணவி தனியாக ஒரு நோயாளியைப் பார்க்க அனுமதி பெறுவதற்குமுன் என்னென்ன கற்றிருக்க வேண்டும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

யார் வேண்டுமானாலும் ஆக முடியாது

பேச்சு சிகிச்சை என்றால் திக்குவாயைச் சரிசெய்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஒரு பகுதி மட்டுமே. பேசத் தாமதமாகும் குழந்தைகள், ஆட்டிசம் உள்ள சிறுவர்கள், குரல் கெட்டுப்போன ஆசிரியர்கள், பக்கவாதத்தால் சொற்களை இழந்த முதியவர்கள் எனப் பலரும் இவர்களிடம் வருகிறார்கள். விழுங்குவதில் சிரமப்படுவோரைச் சோதிப்பதும் இவர்கள் வேலைதான். ரசம், தேநீர் போன்ற நீர்த்த பானங்கள் வேகமாக வழிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். அது நுரையீரல் அழற்சியில் போய் முடியலாம். அதனால்தான் உணவையும் பானங்களையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் அனைத்துலக அளவுகோல் ஒன்று இருக்கிறது. என் மாமா கொண்டுவந்த ரசம் அந்த அளவுகோலில் அடிமட்டமான 0 நிலை. விழுங்கும் சோதனையில் ஏற்படும் ஒரு சிறு தவறு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இந்தத் தொழிலுக்கு உரிமம் கேட்பதை வெறும் காகித வேலை என்று ஒதுக்க முடியாது.

சிங்கப்பூரில் துணைச் சுகாதார நிபுணர்கள் சட்டம் 2011ல் நிறைவேறியது. தொழில்வழி சிகிச்சையாளர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சு சிகிச்சையாளர் ஆகிய மூன்று பிரிவினரும் முதலில் அதன்கீழ் வந்தனர். துணைச் சுகாதார நிபுணர்கள் மன்றத்தில் பதிவு செய்து, நடப்பிலுள்ள தொழிற்சான்றிதழும் வைத்திருப்பவரே இங்குப் பேச்சு சிகிச்சையாளராகப் பணியாற்றலாம்.

அந்தப் பதிவும் ஒரே வகையானதன்று. முழுப் பதிவு, நிபந்தனைப் பதிவு, கட்டுப்பாட்டுப் பதிவு, தற்காலிகப் பதிவு என நான்கு வகைகள் உள்ளன. நிபந்தனைப் பதிவு பெற்றவர், முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். ‘உனக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் இன்னும் தனியாக விட மாட்டோம்’ என்று சட்டமே சொல்லும் ஓர் இடைநிலை இது. கார் ஓட்டப் பழகுவோருக்கு இது புரியும்.

இங்கு இந்தத் துறைக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007ல் தொடங்கிய ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். தொடக்கக்கல்லூரி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்தவர்கள் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் 2020ல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பில் சேரலாம். எந்த வாசல் வழியாகச் சென்றாலும் விரிவுரை அரங்கத்திலேயே படிப்பை முடித்துவிட முடியாது. மருத்துவமனை, பள்ளி, சமூகப் பராமரிப்பு நிலையம் எனப் பல இடங்களில் மேற்பார்வையுடன் நோயாளிகளைப் பார்த்தே தேற வேண்டும்.

அமெரிக்காவில் ‘இன்டர்ன்’ உரிமம்

இந்த இடைநிலையை மிக விளக்கமாக எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கு உரிமம் வழங்குவது மாநிலங்களின் வேலை. டெக்சஸ் மாநிலத்தில் ‘பேச்சு-மொழி இன்டர்ன்’ என்ற பெயரிலேயே தனி உரிமம் உண்டு. கலிஃபோர்னியாவிலும் அதே கட்டத்துக்கு வேறு பெயரில் தற்காலிக உரிமம் உண்டு. இன்டர்ன் என்றதும் விடுமுறையில் அலுவலகம் சென்று கோப்புகளை அடுக்கும் மாணவரை நினைத்துவிடக்கூடாது. டெக்சஸில் இன்டர்ன் என்பவர் முதுநிலைப் பட்டத்தை முடித்தவர், சம்பளம் வாங்குபவர். ஆனால் உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் அவருடைய பணிக்குப் பொறுப்பேற்றிருக்க வேண்டும்.

அந்நாட்டில் இத்துறையின் தேசிய அமைப்பு அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம். அதன் சான்றிதழுக்கான விதிகளில் எண்கள் துல்லியமாக உள்ளன. மாணவர்கள் குறைந்தது 400 மணி நேர மருத்துவப் பயிற்சி பெற வேண்டும். அதில் 25 மணி நேரம் பிறர் செய்வதைக் கவனிப்பது. 375 மணி நேரம் நோயாளிகளுடன் நேரடியாகப் பணியாற்றுவது. இந்த 375ல் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 75 மணி நேரம் வரை, பாவனைப் பயிற்சிகள் மூலம் நிறைவு செய்யலாம். தேசிய அளவிலான தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும்.

பட்டம் பெற்றபின் குறைந்தது 36 வாரங்கள், வாரத்துக்கு 35 மணி நேரம், மொத்தம் 1,260 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் வேலை செய்ய வேண்டும். அதில் 80 விழுக்காடு நோயாளிகளுக்கான நேரடிப் பணியாக இருக்க வேண்டும். இந்தக் காலம் முழுவதும் மேற்பார்வையாளர் அருகிலேயே நிற்பதில்லை. மூன்று கட்டங்களில், கட்டத்துக்கு 6 மணி நேரம் என, குறைந்தது 18 மணி நேரம் அவர் நேரில் கவனிக்க வேண்டும். இவை தவிர, அறிக்கைகளைச் சரிபார்ப்பது, கலந்துரையாடுவது போன்ற 18 மேற்பார்வைப் பணிகளும் உண்டு.

1,260 மணி நேரத்தில் 18 மணி நேரம் என்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. முதலில் இது எனக்கு மிகக் குறைவாகத் தோன்றியது. பிறகுதான் அமைப்பு புரிந்தது. மாணவப் பருவத்தில் மேற்பார்வை மிக நெருக்கமாக இருக்கும். நோயாளியுடன் மாணவர் செலவிடும் நேரத்தில் குறைந்தது கால் பங்கையாவது மேற்பார்வையாளர் நேரில் கவனிக்க வேண்டும். இன்டர்ன் ஆனபின் அது படிப்படியாகத் தளரும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டே ஓடும் அப்பா ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிடுவதைப் போன்றது இது. எப்போது எடுக்க வேண்டும் என்பதை விதி எழுதி வைத்திருக்கிறது.

மணிக்கணக்கு போதுமா?

எண்கள் தெளிவாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. எந்தப் பல்கலைக்கழகமும் பயிற்சியைக் குறைத்து அவசர அவசரமாக மாணவர்களை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் 400 மணி நேரம் முடித்த இருவருக்கு ஒரே திறமை இருக்கும் என்று சொல்ல முடியுமா? ஒருவர் தம் நேரத்தில் பெரும்பகுதியை உச்சரிப்புப் பயிற்சி பெறும் குழந்தைகளுடன் கழித்திருக்கலாம். மற்றவர் பக்கவாத நோயாளிகளுடன் கழித்திருக்கலாம்.

இதனால் எல்லா நாடுகளும் ஒரே வழியில் செல்லவில்லை. பிரிட்டன் மணிகளுக்குப் பதிலாக அரை நாள் அமர்வுகளைக் கணக்கிடுகிறது. மாணவர் 150 அமர்வுகளை முடிக்க வேண்டும். ஆஸ்திரேலியா குறைந்தபட்ச மணிக்கணக்கை வற்புறுத்துவதில்லை. மாணவர் நோயாளியை மதிப்பிடுகிறாரா, காரணத்தை ஆராய்கிறாரா, சிகிச்சையைத் திட்டமிடுகிறாரா என்று திறன் திறனாகப் பார்த்து மதிப்பிடுகிறது. மணிக்கணக்கு எவ்வளவு நேரம் உழைத்தாய் என்று கேட்கிறது. திறன் மதிப்பீடு என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறது. இரண்டுமே தேவையான கேள்விகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுநர் உரிமத்துக்குப் பாடங்களும் உண்டு, இறுதியில் சாலைத் தேர்வும் உண்டு அல்லவா?

ஆனால் என் பாட்டியின் கட்டிலருகே நின்ற எனக்கு, இரண்டும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று தெரிந்தது. அந்த மணிகள் எந்த மொழியில் கழிந்தன?

காக்கா ‘தாத்தா’ ஆகும்போது

சிங்கப்பூரில் பேச்சு சிகிச்சையாளராகப் பதிவு செய்யத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மலாய், மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். சிறிய பங்கு என்பதால் இது சிறிய பிரச்சினை என்று தோன்றலாம். அந்தச் சிறிய பங்குக்குள்தான் பக்கவாதம் வரும் வயதிலுள்ள நம் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள்.

மொழி தெரியாவிட்டால் என்ன, மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். படத்தின் பெயரை மொழிபெயர்க்கலாம். ஒரு சோதனையை அப்படியே மொழிபெயர்க்க முடியாது. ஆங்கிலச் சோதனை ஒன்று, ஒருமை பன்மையைக் காட்டும் ஒற்றை ஒலி குழந்தையின் பேச்சில் வருகிறதா என்று பார்க்கும். தமிழில் பார்க்க வேண்டியவை வேறு. ‘வந்தான்’, ‘வந்தா’, ‘வந்துச்சு’, ‘வந்தாங்க’ என்று வினைச்சொல்லின் வால் சரியாக மாறுகிறதா? ‘மரத்துல’, ‘மரத்துக்கு’ என்று வேற்றுமை உருபு ஒட்டுகிறதா? மொழிபெயர்த்த ஆங்கிலச் சோதனையில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இருக்காது.

ஒலிகளிலும் இதே சிக்கல்தான். ஒரு குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறது. அது கோளாறா? அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் ‘பளம்’ என்றே பேசினால், குழந்தை தான் கேட்ட மொழியைச் சரியாகக் கற்றிருக்கிறது என்றுதான் பொருள். இன்னொரு குழந்தை மரத்திலிருக்கும் காக்காவைக் காட்டித் ‘தாத்தா’ என்கிறது. வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். தொண்டைப் பக்கம் பிறக்க வேண்டிய ககரம் பல்லருகே தகரமாகப் பிறக்கிறது. மழலைப் பருவத்தில் அது இயல்பு. வயது கூடியும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். எது வட்டார வழக்கு, எது மழலை, எது கோளாறு என்று பிரித்தறிய, எழுத்துத் தமிழை மட்டுமன்றி வீட்டில் புழங்கும் தமிழையும் அறிந்த ஒரு காது வேண்டும்.

இருமொழிக் குழந்தைகளின் சொற்களை எண்ணுவதிலும் கவனம் தேவை. ‘தண்ணி’, ‘சோறு’ என்பவற்றைத் தமிழிலும், ‘பஸ்’, ‘பேக்’ என்பவற்றை ஆங்கிலத்திலும் மட்டுமே சொல்லும் குழந்தைக்கு நான்கு பொருள்களின் பெயர் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் அதற்கு இரண்டு சொற்கள்தான். பாதி மதிப்பெண்ணோடு அதற்குத் ‘தாமதம்’ என்ற முத்திரை விழக்கூடும்.

இங்குதான் இன்னொரு தவறான ஆலோசனையும் நுழைகிறது. “குழப்பமாகிவிடும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று உறவினர்களும் நண்பர்களும் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுக் கோளாற்றை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிவு. ஆயினும் பயந்துபோன பெற்றோர் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் பேச்சு அதனால் சீராவதில்லை. பாட்டியோடு பேசும் மொழிதான் அதன் கையைவிட்டுப் போகிறது.

நிபந்தனையாக்கினால் தீருமா?

அப்படியென்றால் உரிமம் பெறத் தாய்மொழியைக் கட்டாயமாக்கலாமா? நான் அதை ஆதரிக்கவில்லை. அப்படிச் செய்தால் தமிழ் நோயாளிக்குச் சிகிச்சையாளர் கூடுதலாகக் கிடைக்கமாட்டார். எல்லாருக்குமே சிகிச்சையாளர் குறைந்துபோவார். என் பாட்டியின் விழுங்கும் சிரமத்தைக் கண்டுபிடித்தவர் தமிழ் பேசாத மாணவிதான் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்று காரியங்களைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, மொழிபெயர்ப்பாளருடன் சேர்ந்து பணியாற்றுவதை ஒவ்வொரு பயிற்சி மாணவரும் செய்துகாட்ட வேண்டிய திறனாக மதிப்பிடலாம். அன்று சிகிச்சையாளர் என்னை நிறுத்திக் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை, எல்லா மாணவரும் கற்றுக்கொண்டே வெளியே வர வேண்டும். குடும்பத்தினர் அன்பினால் நோயாளியின் தவறுகளைத் திருத்திவிடுவார்கள். அதை எதிர்பார்த்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இரண்டாவது, தமிழ் தெரிந்த மாணவர்களுக்கு அவர்களுடைய பயிற்சி நேரத்தில் ஒரு பங்கையாவது தமிழ் பேசும் நோயாளிகளுடன் ஒதுக்கலாம். வீட்டில் தமிழ் பேசுவது வேறு, தமிழில் சிகிச்சை அளிப்பது வேறு. பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற நானே, ‘மெல்ல விழுங்கிவிட்டு இருமுங்கள்’ என்று ஒரு முதியவருக்கு இயல்பாகச் சொல்லத் தடுமாறினேன்.

மூன்றாவது, இங்குள்ள தமிழ்க் குழந்தைகள் எந்த வயதில் எந்த ஒலியைப் பிடிக்கிறார்கள், எந்தச் சொற்களைத் தமிழிலும் எவற்றை ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள் என்று திரட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் குழந்தைகளின் அளவுகோலை இங்கு அப்படியே பொருத்த முடியாது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு ஆய்வுகளிலேயே இதைத் தொடங்கலாம்.

நமக்கு இதில் என்ன பங்கு?

அறிவியல் பிடிக்கும், மனிதர்களோடு பேசவும் பிடிக்கும், ஆனால் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று கவலைப்படும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். தமிழ் பிடிக்கும், ஆனால் அதைப் படித்தால் ஆசிரியராகவோ செய்தியாளராகவோதான் ஆகமுடியும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பினரும் சந்திக்கும் இடம் பேச்சு சிகிச்சை. உடற்கூறு, நரம்பியல், மொழியியல், உளவியல் எல்லாமே இதில் உண்டு. துணைச் சுகாதாரத் துறைகளுக்கான உபகாரச் சம்பளங்களும் உள்ளன. உயர்நிலைப் பள்ளியில் இருப்பவர்கள் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் தொண்டூழியம் செய்து பார்க்கலாம். ஒரு முதியவரின் பேச்சை அவசரப்படாமல் கேட்க நமக்குப் பொறுமை இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் பாதை நீளமானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பட்டம் வாங்கியபின்னும் ஒருவர் பின்னால் நின்று கவனிப்பார். நாம் எழுதிய அறிக்கையைத் திருத்துவார். நோயாளியின் குடும்பத்தினர் முன்னிலையில் நம்மை இடைமறிப்பார். அதைக் குறைவாக நினைத்தால் இந்தத் தொழில் கடினமாகத் தோன்றும். கட்டிலில் படுத்திருப்பவர் நம் பாட்டி என்று நினைத்தால், அந்த மேற்பார்வையாளர் அங்கு நிற்பது எவ்வளவு நிம்மதி என்று புரியும்.

அன்று கிளம்பும்முன் அந்த மாணவி என்னிடம் குறிப்பேட்டை நீட்டினார். சாவி, சாமி என்ற இரு சொற்களையும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ‘வி’, ‘மி’ என்ற இரண்டு எழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டுமே உதட்டில் பிறக்கும் ஒலிகள்தானா என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் படித்த நான் அதை ஒருமுறைகூட யோசித்ததில்லை. அங்கேயே இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டது. மற்றதில் இரண்டு உதடுகளும் ஒட்டின. அவர் சிரித்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார்.